வணக்கம் ஆர்டிஸ்

ஆர்டிஸ் லுன்டுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். பகலில் அவளுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மாலையானால், மிச்சிகன் ஏரிக்கரையில் குடியை விட்ட பெண்கள் சேர்ந்து தங்கும் விடுதிக்கு அவள்தான் பொறுப்பு. குடித்துக் குடித்து வீதியில் கிடந்த என்னைத் தூக்கி வந்து மனுஷியாக்கியவள். இப்போது அந்த விடுதியின் வண்டியை நான் ஓட்டுகிறேன்.

இந்த மாதிரி விடுதிகளுக்கு மாநில அரசின் சட்டம் ஒன்று உண்டு. தங்கியிருப்பவள் ஒரு மிடறு குடித்துவிட்டாலும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிட வேண்டும். காய்ச்சல் கூடிவிட்டது என்று நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து துரத்துவார்களா? இங்கே துரத்தச் சொன்னார்கள். சில வருஷங்களுக்கு முன் ஜோலீன் என்ற பெண்ணை ஆர்டிஸ் அப்படித்தான் அனுப்ப வேண்டி வந்தது. பஸ் நிறுத்தத்தில் பனியில் கிடந்து அவளுக்கு இரண்டு கால்விரல்கள் போயின. பிறகு தெளிந்து திரும்பி வந்தாள், நன்றாகத்தான் இருந்தாள். இப்போது மறுபடி குடித்துவிட்டாள். இந்தத் தடவை ஆர்டிஸ் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டாள்.

"சட்டம் விடுதிக்குத்தானே? என் சோஃபாவுக்கு இல்லையே," என்றாள்.

ஆனால் ஆர்டிஸ் வேலைக்குப் போனால் ஜோலீன் தனியாக இருப்பாள். எதிர் வரிசையிலேயே மதுக்கடை. நாலு பெண்களோடு விடுதியில் இருந்தால்தான் அவள் பிழைப்பாள். அதற்குச் சட்டம் மாற வேண்டும்.

திருத்த மசோதா வந்தது. அதை விசாரித்த சட்டசபைக் குழுவுக்குத் தலைவர் செனட்டர் கோர்டன் ஹாக். "குடிச்சவ வெளிய போகட்டும். அப்பத்தான் மத்தவளுக்குப் பயம் இருக்கும்" என்று வருஷா வருஷம் முடக்கி வைத்த மகானுபாவர். அவர் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விசாரணையன்று ஆர்டிஸ் சாட்சி சொல்ல மைக் முன்னால் உட்கார்ந்தாள். முழுப் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பதற்றத்தில் வாய்க்குப் பழகியதே வந்தது.

"என் பேரு ஆர்டிஸ். நான் ஒரு குடிநோயாளி."

குடியை விட்டவர்களின் கூட்டத்தில் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்போம். உடனே கூடியிருப்பவர்கள் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். அங்கே யாரைப் பார்த்தோம் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது.

"வணக்கம் ஆர்டிஸ்!"

பழக்கதோஷம். பின்வரிசையில் மூன்று நாலு பேர், வாசல் காவலாளி, தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண். அவர்கள் எல்லாரையும் மீறி மைக்கில் ஒரு கட்டைக்குரல். செனட்டர் ஹாக்!

அறை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மாட்டினாயா என்று என் மனசு துள்ளியது. ஆர்டிஸோ அவர் பக்கமே பார்க்காமல், ஜோலீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துவந்தாள்.

இடைவேளையில் ஒரு பத்திரிகைக்காரப் பையன் எங்களை மறித்தான். நாலடி தள்ளி ஹாக் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"செனட்டர் உங்களுக்கு வணக்கம் சொன்னாரே, அவரும் உங்க கூட்டத்து ஆளா?"

நான் ஆர்டிஸின் முழங்கையை இடித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆளின் ஆட்டம் குளோஸ்.

"ஏன் தம்பி, நான் பேரைச் சொன்னேன், மனுஷன் வணக்கம்னாரு. உங்க வீட்டுல மரியாதை எதுவும் சொல்லித் தரலையா?"

பையன் அசடு வழிந்துகொண்டு போனான். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்னடி பைத்தியமா? ஜோலீனை நினைச்சுப் பாத்தியா?"

"அவளைத் தவிர வேற எதை நினைக்கிறேன், பெர்னி? ஆனா கூட்டத்துல யாரைப் பாத்தேன்னு நானே வெளிய சொல்லிட்டா, நாளைக்கு எவ நம்பி அந்தக் கூட்டத்துக்கு வருவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

மத்தியானம் ஓட்டெடுப்பு. இரண்டு பக்கமும் சமம். கடைசி ஓட்டு தலைவருடையது. ஹாக் மேசையைப் பார்த்தபடியே, "ஆதரவு" என்றார். ஜோலீன் விடுதிக்குத் திரும்ப வழி பிறந்துவிட்டது. ஆர்டிஸ் என் கையை நசுக்கியே விட்டாள்.

வண்டியைக் கிளப்பப் போனபோது ஹாக் தனியாக நடந்து வந்தார். ஆர்டிஸ் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"அந்தப் பொண்ணு... ஜோலீன். எப்பக் குடிச்சா?"

"போன வெள்ளிக்கிழமை, சார்."

தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். சட்டசபையே கண்டு நடுங்கும் மனிதர், அந்தக் குளிரில் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"எனக்கும் வெள்ளிக்கிழமைதான்," என்றார்.

ஆர்டிஸ் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். "குளிருது. உள்ள வந்து உக்காருங்க, கோர்டன்."

பின்சீட்டில் கிடந்த என் பையை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.