ஆறு பேர் ஓடிய ஒரு பேருந்து

எங்கள் பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவரை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடமாக ரெக்சின் தைக்கிறவர். அவர் மாட்டிய உறையில் ஒரு சுருக்கத்தைக் காட்டிவிட முடியாது. எதுவும் தொளதொளவென்று இருந்தால் அவருக்குப் பொறுக்காது. நான் அங்கே வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கிறவன். ஒருநாள் என் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உள்ள இன்னொருத்தருக்கு இடம் விட்டிருக்கியா?" என்று கேட்டார்.

இவர் மனிதர்களுக்குத் தைப்பதில்லை. ஒரே ஒரு முறை தைத்தார், ஒன்பது வருடத்துக்கு முன்னால், தன் தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு ரவிக்கை. போட்டோக்காரர் சொன்னாரென்று தங்கை கையைத் தூக்கியபோது முதுகுத் தையல் மேலிருந்து கீழே டர்ரென்று விட்டது. வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஒரு பட்டன் அறுந்தால்கூட அக்காவிடம் கொடுக்காமல் கடைக்குப் போனாள். அவளும் எங்கள் பணிமனையில்தான் கண்டக்டர். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். துணி, தையல் என்று பேச்சு வந்தால் மட்டும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த வருடம் ஊரில் வேடமிட்டு ஓடும் குழு ஓட்டம் அறிவித்தார்கள். ஆறு பேர் ஒரே வேடத்துக்குள் புகுந்து ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். வேடம் வீட்டில் தைத்ததாக இருக்க வேண்டும். புறப்படும்போது இருந்த இணைப்பு எல்லைக்கோடு வரை விட்டுப்போகக் கூடாது. கையால் பிடித்துக்கொண்டு ஓடினால் கணக்கில் வராது. நாங்கள் பேருந்தாகவே ஓடுவது என்று முடிவானது. யார் தைப்பது என்ற பேச்சு வந்ததும், "எங்க அக்காகிட்ட கேக்கறேன்" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு அவளே திகைத்தாள்.

சீட்டக்காவின் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் ஏற்கெனவே தையல் மிஷின் குடியிருந்தது. மூன்று வாரத்துக்கு மற்றதையும் மஞ்சள் ரெக்சின் பிடித்துக்கொண்டது. எங்களை ஒவ்வொருவராகச் சுவரோடு நிற்கவைத்து அளவெடுத்தார். "ஆடாத. மூச்சு விடாத." என் அளவைக் குறித்துக்கொண்ட பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளா வந்து கேட்டிருக்கா தம்பி. இதுவும் போச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

ஓட்டத்தன்று காலையில் மைதானத்தில் வைத்து மாட்டிவிட்டார். தோளிலிருந்து தொடை வரை ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் பெட்டி, பக்கவாட்டில் ஜன்னல், கீழே தொடையைச் சுற்றிக் கறுப்புச் சக்கரம். முதலில் டிரைவர், அடுத்தது குழுத் தலைவரான மெக்கானிக், ஐந்தாவது நான், கடைசியில் தங்கை. முன்னவர் முதுகையும் பின்னவர் மார்பையும் ஒரு முழ நீளப் பட்டையால் இணைத்து, கையாலேயே தைத்து முடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அசல் பேருந்து. போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள்.

"சரி, பத்தடி ஓடிப் பாப்போம்" என்றார் மெக்கானிக்.

டிரைவர் முழங்காலைத் தூக்கினார். தூக்க வரவில்லை. காலைக் கட்டிப் போட்ட கோழிகள் மாதிரி ஆறு பேரும் தத்தினோம்.

சீட்டக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. இருக்கைக்குத் தைப்பதுபோலவே இம்மி இடம் விடாமல் தைத்திருக்கிறார். இருக்கை எந்தக் காலத்தில் காலைத் தூக்கி ஓடியது? புறப்பட முப்பத்தைந்து நிமிடம்தான் இருந்தது. அவிழ்த்தால் பட்டைகளைப் பிரித்து மறுபடி தைக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

"கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்" என்று கத்தினார் மெக்கானிக்.

"கொஞ்சம் பொறுங்க" என்று கத்தரிக்கோலை எடுத்தார் சீட்டக்கா. மண்டியிட்டு, டிரைவரின் சக்கரத்தைத் தொடையின் முன்பக்கம் கீழிருந்து மேலே பிளந்தார். பிளவு மேலும் ஓடாமல் இருக்க முனையில் நாலு தையல். ஆளுக்கு இரண்டு பிளவு. வியர்வை சொட்டச் சொட்ட ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். நான் நேரம் குறிக்கிறவன், வாய் சும்மா இருக்குமா? "இருபது நிமிஷம்... பதினாலு..." என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மெக்கானிக் என்னை அடிக்காமல் விட்டதே பெரிது.

தங்கையிடம் வந்தபோது ஏழு நிமிடம் மிச்சம். அங்கே வந்து கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"உனக்கு வேணாம்டி. சின்னச் சின்ன அடியா வெச்சுக்கோ."

"அஞ்சு பேர் ஓடும்போது நான் மட்டும் எப்படி தத்துறது? வெட்டுக்கா."

"கை நடுங்குது. கால்ல பட்டுடும்."

"பட்டா படட்டும். வெட்டு."

நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தங்கை குனிந்து பார்க்கவில்லை. அக்காவின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்து நின்றாள். கத்தரிக்கோல் சரக்கென்று ஏறியது. எனக்குத்தான் தொடை கூசியது. கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது ஒலிபெருக்கி எங்களைக் கூப்பிட்டது.

ஓடினோம், நன்றாகவே ஓடினோம். சீட்டக்கா ஊசிப் பையோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்களோடேயே ஓடிவந்தார். வளைவுகளில் குறுக்கு வழியில் புகுந்து முன்னால் வந்து நிற்பார். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, தையலைத்தான் பார்த்தார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது, இன்னும் இருநூறு அடி இருக்கும். அப்போது தரையில் கிடந்த கேபிள் தடுக்கிச் சீட்டக்கா குப்புற விழுந்தார்.

"அக்கா!"

தங்கை நின்றுவிட்டாள். நாங்கள் ஐந்து பேர் நிற்கவில்லை. என் முதுகை யாரோ பிடித்து இழுத்ததுபோல இருந்தது, டர்ரென்று சத்தம் கேட்டது. அதற்குள் சீட்டக்கா எழுந்து உட்கார்ந்து, "ஓடு! ஓடுடி!" என்று கையை ஆட்டினார். தங்கை பாய்ந்து வந்து, தொங்கிய பட்டையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அப்படியே கோட்டைத் தாண்டினோம்.

நடுவர் அவள் கையைப் பார்த்தார். "கைய எடுங்கம்மா."

அவள் உடனே எடுக்கவில்லை. எடுத்ததும் பட்டை தொங்கியது. அவர் எங்கள் எண்ணை அடித்துவிட்டு நகர்ந்தார்.

மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது. முழங்காலில் ரத்தத்தோடு சீட்டக்கா நொண்டிக்கொண்டு வந்துசேர்ந்த நேரம் பார்த்து, "மனுஷங்களுக்குத் தைக்கத் தெரியாதவங்ககிட்ட கொடுத்தா இப்படித்தான் நடு ரோட்ல மானம் போகும்" என்றார். சீட்டக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மெக்கானிக்கின் வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது.

தங்கை பட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு தையல்கூட விடவில்லை, அதற்குப் பக்கத்தில் ரெக்சின்தான் கிழிந்திருந்தது. "நல்லாப் பாருங்கண்ணே. தைச்சது எங்க அக்கா. கிழிச்சது நான்."

பிறகு அக்காவைத் தரையில் உட்காரவைத்து, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துக் கழுவினாள்.

"இன்னும் இருநூறு அடிதானேடி இருந்துச்சு. எதுக்கு நின்ன?" என்று கேட்டார் சீட்டக்கா.

"நீ விழுந்துட்டியேக்கா."

 காயம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு சீட்டக்கா அழுதார்.