செல்வினின் இடது கால்

கோவில்பட்டியில் ரயில் நின்றபோது காலை ஆறே கால். தோளில் தொங்கிய பைக்குள் மைக்குகள், ஒயர்கள், லேப்டாப். கடலைமிட்டாய் வாங்க வந்தவன் இல்லை நான். ஒருவனுடைய காலைப் பதிவு செய்துகொண்டு போக வந்தவன்.

சிரிக்காமல் கேளுங்கள். சென்னையில் எங்களுக்கு ஒரு ஹெவி மெட்டல் குழு உண்டு. கித்தார் வாசிப்பதும் பாட்டை மிக்ஸ் செய்வதும் என் வேலை. டிரம்ஸில் தரையோடு படுத்திருக்கும் பெரிய டிரம்தான் கிக். மிதியை அழுத்தினால் ஒரு சுத்தி போய் அடிக்கும். மெட்டல்காரர்களுக்கு இரண்டு மிதி, இரண்டு காலுக்கும் வேலை. ஆனால் ரெக்கார்டில் நீங்கள் கேட்கும் அந்த 'டகடகடக' பெரும்பாலும் அவர்கள் அடித்த சத்தமே இல்லை. நன்றாக விழுந்த ஓர் அடியை எடுத்து, மற்ற எல்லா அடிகளின் மேலும் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவோம். அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நானும் திட்டிக்கொண்டே செய்கிறேன்.

செல்வின் அடித்ததில் மட்டும் கை வைக்க மனசு வராது. அவனுடைய இடது கால், வலது காலைவிட ஒரு மயிரிழை பிந்தி, கொஞ்சம் மெத்தென்று விழும். பாட்டு மூச்சு விடுவதே அங்கேதான். நாலு வருஷம் எங்களோடு அடித்துவிட்டு, கல்யாணமானதும் மனைவி மெர்சியோடு ரெடிமேட் தையல் யூனிட் நடத்த ஊருக்கே வந்துவிட்டான். திங்கட்கிழமை ஆல்பத்தை ஒப்படைத்தாக வேண்டும். கடைசிப் பாட்டு, அவன் கட்டிய பாட்டு, பாக்கி. கம்ப்யூட்டர் டிரம்ஸ் போட்டுப் பார்த்தோம், உப்பில்லாக் குழம்பு. "உங்க சர்ச்ல டிரம்ஸ் இருக்குல்ல?" என்று போனில் கேட்டேன். "நீ வாலே, பாத்துக்கிடலாம்" என்றான்.

ஏழு மணிக்குப் பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். இருபுறமும் கரிசல், கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. களத்தில் மிளகாய் காய்ந்தது. பஸ்ஸுக்குள்ளேயே தும்மல் வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"உள்ள என்ன அண்ணாச்சி?"

"மைக்குங்க."

"எந்தக் கட்சிக்கு?"

கட்சி இல்லை, பாட்டுக்கு என்றேன். நம்பவில்லை. பசுவந்தனையில் இறங்கும்போது, "ஜெயிச்சா எங்க ஊருக்கு ரோடு போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஓட்டப்பிடாரத்தில் பஸ் மாறி, ஒன்பதரைக்குச் செல்வினின் ஊரான புதியம்புத்தூர். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம். செல்வின் வாசலிலேயே நின்றான்; தொப்பை போட்டிருந்தது. கட்டிக்கொண்டோம்.

"வாங்கண்ணே. இவிய விடியக்காலமே இருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்காவ" என்றாள் மெர்சி.

காபி குடித்ததும், "சர்ச்சுக்குப் போவோமா?" என்றேன். செல்வின் மெர்சியைப் பார்த்தான். மெர்சி மின்விசிறியைப் பார்த்தாள்.

"லெந்து நாளுல்லா, தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் எங்க சபையில டிரம்ஸத் தொடமாட்டாவ. துணியப் போட்டு மூடிக் கட்டிக் கெடக்கு" என்றான் செல்வின்.

"அடப்பாவி! இதைப் போன்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா வந்திருப்பியால?"

வந்திருக்கமாட்டேன். கம்ப்யூட்டர் காலையே வைத்து முடித்திருப்பேன். அவனுக்கும் என்னைப் பார்க்கவேண்டும்போல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவன் எழுந்து, துணி வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தான். அவனுடைய பழைய ஜோடி மிதி. எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தான்.

"எதை அடிப்ப? சுவத்தையா?"

மூலையைக் காட்டினான். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளைத் திணித்த சாக்கு மூட்டைகள், கல்லுபோல இறுகிக் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால் எப்போது விழுகிறது, எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பது மட்டும் கிடைத்தால் போதும். சத்தத்தை, அவனே முன்பு அடித்த அடியிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். இத்தனை நாள் நான் திட்டிய வித்தை!

"லெந்துல அடிக்கலாமா?" என்று மெர்சியிடம் கேட்டேன்.

"மூட்டைக்கு ஏதுண்ணே லெந்து?"

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக மெஷின்கள் நின்றன. முக்கால் மணி நேரம்தான் அமைதி. மூட்டையோடு மைக்கை ஒட்டி வைத்தேன். நாலு அடியிலேயே மூட்டை பின்னால் நகர்ந்துவிட்டது. செங்கல் வைத்தும் நிற்கவில்லை. தைக்கிற அக்கா இருவர் டிபன் பாக்ஸோடு வந்து மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"அடிங்கண்ணே. நாங்க அசையமாட்டோம்."

அவன் அடித்தான். இருவர் ஹெட்போனிலும் எங்கள் பாட்டு. அதற்கு அடியில் தொம் தொம்மென்று மூட்டை. முதல் இரண்டு தடவை மூச்சு வாங்கி நிறுத்தினான். மூன்றாவதில் அந்த இடது கால், அதே மயிரிழை பிந்தி, வந்து விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவன் இல்லாத ஒத்திகை அறைக்கு எப்படித் திரும்பிப் போவது என்றுதான் நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. அக்காமார் கைதட்டி இறங்கினார்கள். மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. மெர்சி சாப்பிடக் கூப்பிட, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். "நீ போ, வாரேன்" என்றான் செல்வின். பதிவை நிறுத்த மறந்துவிட்டேன்.

மாலை நாலரைக்குப் பஸ் ஏற்றிவிட்டான். "இங்கன மூட்டை எப்பவும் கெடக்கும்லே" என்றான்.

பசுவந்தனை தாண்டியதும் பதிவைப் போட்டுக் கேட்டேன். பாட்டு முடிகிறது, கைதட்டல், மெஷின் இரைச்சல். அதற்குள்ளே தொம் தொம். செல்வின் நிறுத்தவில்லை. பாட்டு இல்லாமல், யாரும் கேட்காமல், தனியாக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். வரவர மெதுவாக, இடது கால் இன்னும் இன்னும் பிந்தி. ஜன்னலுக்கு வெளியே கரிசல் இருட்டிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை ஆல்பத்தை ஒப்படைத்துவிட்டேன். மூட்டை அடி ஒவ்வொன்றின் மேலும் டிரம் சத்தத்தை ஒட்டியிருக்கிறேன். வாலில், அவன் தனியாக அடித்த இடத்தில் மட்டும், எதையும் ஒட்டவில்லை, வெட்டவும் இல்லை. கேட்க நேர்ந்தால், கித்தார் ஓய்ந்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அவன் இன்னும் அடித்துக்கொண்டிருப்பான்.