கருடன்தானே, அண்ணா?

ஐப்பசி பிறந்துவிட்டால் ஸௌந்தரராஜனுக்கு வீட்டில் கால் தரிக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துத் தென்னேரி ஏரிக்கரையில் போய் நின்றுவிடுவார். கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரிக்காத ஆள் தெருவில் கிடையாது.

வடக்கே குளிர் தாங்காமல் கிளம்பி வருகிற பருந்துகள் அந்த மாதங்களில்தான் ஏரிக்கு வரும். கடலை விட்டு உள்ளே வந்துவிட்ட கடற்காக்கை ஒன்றிரண்டும் சில வருஷம் தட்டுப்படும். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில், நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து பெண்டாட்டி ரமாமணியிடம் மூச்சு வாங்கச் சொன்னார். அவள் துண்டை எடுத்து நீட்டினாள்.

"மெட்ராஸ் பீச்சுல சுண்டல் பொறுக்கிண்டு திரியறதே, அதைப் பாக்கவா தென்னேரிக்குப் போய் நனைஞ்சுண்டு வந்தேள்? நன்னாயிருக்கு!"

சிரித்தால் கூடப் பரவாயில்லை. இத்தனை வருஷமாக இந்த மனுஷர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறாரே, அது என்ன பறவை மாமா என்று ஒரு பிள்ளை கூட அவரைக் கேட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு நிறையவே உண்டு.

தம்பி கோதண்டபாணி வேறு மாதிரி. அதே வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். தெருக்கோடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில், வௌவால் அடைந்து, மழைக்கு ஒழுகிக்கொண்டு கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்துவேன் என்று கிளம்பி, சாப்பாடு தூக்கம் பார்க்காமல், வீடு வீடாகப் படியேறி, பேச்சும் ஏச்சும் வாங்கி, ஒருவழியாகத் தொண்ணூற்றேழாம் வருஷம் கார்த்திகையில் ஸம்ப்ரோக்ஷணத்துக்கு, அதுதான் கும்பாபிஷேகத்துக்கு, நாள் குறித்துவிட்டார். பிறந்ததே அதற்குத்தான் என்பது போல இருந்தார்.

அன்றைக்குத் தெரு முழுக்க அண்ணாந்து நின்றது. விமானத்துக் கலசத்தில் தீர்த்தம் சேர்க்கும் முன் மேலே கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சாரத்தின் உச்சியில் தீர்த்தக் குடத்தோடு கோதண்டபாணியும் பட்டரும் நின்றார்கள். கருடனைக் காணோம். "முகூர்த்தம் தாண்டிண்டிருக்கு" என்று பட்டர் முணுமுணுத்தார்.

அப்போதுதான் கிழக்கேயிருந்து ஒன்று வந்தது. வெளுத்த தலை, பழுப்பு உடம்பு. "கருடன்! கருடன்!" என்று நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒரு வாய் சும்மா இருக்குமா? "கருடனா அது? சரியாப் பாருங்கோ" என்றது. கோதண்டபாணி மேலேயிருந்து குனிந்து அண்ணனைத் தேடினார்.

"அண்ணா! நீ பாத்துச் சொல்லு! கருடன்தானே?"

தெருவே ஸௌந்தரராஜன் பக்கம் திரும்பியது. ஜன்மத்தில் முதல் தடவையாக அவரிடம் ஒரு பறவையைப் பற்றிக் கேட்கிறார்கள்! பைனாகுலரைத் தூக்கினார். நீண்ட வால், விரித்து மேல்நோக்கித் தூக்கிய இறக்கை. சந்தேகமே இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"இல்லைடா கோதண்டம்! இது சேற்றுப் பூனைப்பருந்து! பொட்டை! சைபீரியாப் பக்கத்துலேர்ந்து வரது. தலை வெளுப்பாயிருக்கறதாலே எல்லாரும் ஏமாந்துபோறா!"

அட பாவி மனுஷா! ஆமாம்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? பட்டர் அவசரமாக ஏதோ சொல்ல, கோதண்டபாணி குடத்தைச் சாய்த்தார். பாதித் தீர்த்தம் கலசத்தில் விழாமல் சாரத்தில் வழிந்தது. 'கோவிந்தா' சொல்ல வேண்டிய கூட்டம் இன்னும் அந்தப் பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாருக்குக் காலில் முள் தைத்தாலும் கருடன் வராத கோயில் என்றுதான் பேச்சு. கோதண்டபாணியின் பெண் ப்ரியங்காவுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றது. அதுவும் இதனால்தான் என்றார்கள். கோதண்டபாணி அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே கிணறு, ஒரே வாசல், எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

"கேட்டான், சொன்னேன். பொய்யா சொன்னேன்?" என்று ஸௌந்தரராஜன் ரமாமணியிடம் குதிப்பார். "பொய் சொல்லலை. ஆனா அவ்வளவு சந்தோஷமாச் சொன்னேளே, அதுதான்" என்றாள் அவள் ஒருநாள். அன்றைக்குப் பிறகு அவர் குதிக்கவில்லை. தென்னேரிக்குப் போவதை விடவும் முடியவில்லை. ஆனால் நாணலுக்கு மேல் பூனைப்பருந்து தாழ்ந்து வந்தால், பைனாகுலரை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பத்து வருஷம் போயிற்று. கோதண்டபாணிக்குச் சிறுநீரகம் கெட்டு, கண்ணிலும் புரை மூடி, ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார்த்திகை வெயிலுக்காக முற்றத்தில் கட்டில் போட்டிருந்தது. ஸௌந்தரராஜன் தினமும் கால்மாட்டில் வந்து உட்காருவார். தம்பி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் கட்டில் மேல் ஒரு நிழல் ஓடியது. ஸௌந்தரராஜன் நிமிர்ந்தார். செங்காவி உடம்பு, தும்பைப்பூ வெளுப்பில் தலையும் மார்பும். முற்றத்தைத் தாண்டிப் போய், கூரைக்கு மேலே தெரிகிற கோயில் விமானத்துக்கு நேர் மேலே தாழச் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்குப் பைனாகுலரே வேண்டாம்.

"கோதண்டம்! கருடன்டா! நம்ம விமானத்தைத்தான்டா சுத்தறது! வந்துடுத்துடா!"

அவர் போட்ட சத்தத்தில் ரமாமணி ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆமாம் கோதண்டம், கருடனேதான்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோதண்டபாணி புரை மூடிய கண்ணைத் திறந்து குரல் வந்த திக்கில் பார்த்தார். பத்து வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

"மன்னியையும் சொல்லிக் குடுத்துக் கூட்டிண்டு வந்தியா அண்ணா?" குரலில் கோபமே இல்லை. "இந்தப் பொய்யை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"பெருமாள் சத்தியமாடா" என்றார் ஸௌந்தரராஜன். தம்பி அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.