துட்டி சொல்லப் போன சுடலை

சுடலையை ஞாபகம் இருக்கிறதா?

சில வருஷங்களுக்கு முன் இதே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் பக்கம் சாவுச் செய்தியைத் துட்டி என்போம். என் அப்பா இறந்த அன்று, எங்கள் வயலில் பாடுபட்டுவந்த சுடலை யாரும் கூப்பிடாமலேயே வந்து வாசலில் நின்றார். கொட்டும் மழையில் சைக்கிளை மிதித்து, ஆழ்வார்திருநகரியில் தொடங்கி சாத்தான்குளம் வரை சொந்தக்காரர்களுக்கெல்லாம் துட்டி சொல்லிவிட்டு வந்தார். 'இந்தப் பாசத்துக்கு என்ன பெயர்?' என்று உருகி முடித்திருந்தேன். நீங்களும் உருகினீர்கள். கடிதங்கள் குவிந்தன...

அதன் பெயர் எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

எங்கள் வகையறா ஒன்றுகூடி விழா எடுக்கிறது. மலர் ஒன்றும் போடுகிறார்கள். குடும்ப வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். பெரியப்பா மகன் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே, என் பாட்டனாருக்குப் பாட்டனார் எழுதிவைத்த உயில்.

பெருமையாகத்தான் பிரித்தேன். இளைய மகனுக்கு ஆற்றுப் பாசன வயல், தென்னை, மா... அதற்கடுத்த வரி:

'மேற்படி வயலைச் சேர்ந்த ஆள் அடிமை மாடன், பெண்சாதி பேச்சி, மகன் இருளன், பேச்சி வயிற்றில் உள்ளது ஒன்று. கறவை மாடு நாலு.'

மாட்டுக்கு முன்னால் எழுதியிருக்கிறார். அதுவரைக்கும் மரியாதை!

பிறக்காத பிள்ளையையும் மகனுக்கு எழுதிவைத்த மனுஷன், அதோடு விட்டாரா? 'மேற்படியார் சந்ததிகள் நம் வீட்டு நன்மை தீமைக்கு வந்து நின்று துட்டி சொல்லிப் போகவும்' என்றும் ஒரு வரி. சுடலை அந்த மாடன் வம்சம். நான் பாசம் என்று எழுதியது இதைத்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே அடிமை முறையை ஒழித்தாயிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். எங்கள் வீட்டுச் சாவை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் இருந்தது. அந்தச் சட்டத்தை வந்து சொல்லத்தான் யாரும் இல்லை போலிருக்கிறது.

பெரியப்பா மகனிடம் காட்டினேன்.

"ஏலே, அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுரு. சபையில வைக்கக்கூடிய சமாச்சாரமா இது?" என்றார். நாலு தலைமுறையாகச் சோறு போட்டிருக்கிறோமே, அதை எழுதக் கூடாதா என்றும் கேட்டார். மலருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சுடலை இப்போது இல்லை. அவர் மகள் பாளையங்கோட்டையில் நர்ஸாக இருக்கிறார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். உண்மையில், 'பரவாயில்லை சார்' என்று அவர் சொல்லிக் கேட்க ஆசை. வேறென்ன?

நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். அந்த வரியை விரல் வைத்து வாசித்தார்.

"வயித்துல இருந்த பிள்ளைக்கு என்ன பேரு வச்சாவன்னு இதுல இல்லியே சார்?"

இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

என்னுடைய பழைய பத்தியைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். வெட்கமாக இருக்கிறது என்றேன்.

"அப்பாவுக்கு நாந்தான் வாசிச்சுக் காட்டுனேன். 'போகாட்டா வயலை விட்டு எறக்கிருவாவன்னு பயந்துல்லா போனேன்'னு சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல."

இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர்களை மாற்றாமல் எழுதினால் சரி என்றார். அதனால்தான் மாடனும் பேச்சியும் இருளனும் இங்கே அப்படியே இருக்கிறார்கள். எங்கள் மலரில் இருக்க மாட்டார்கள்.

எழுந்தேன். வாசல் வரை வந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எங்க அப்பா எறந்தப்போ உங்க வீட்டுக்கும் துட்டி சொல்லிவிட்டோம் சார். தகவல் கெடச்சுதா?"

கிடைத்தது. அன்று இந்தப் பக்கத்துக்குப் பத்தி எழுதி அனுப்ப வேண்டிய நாள் என்று போகாமல் இருந்துவிட்டேன்.