கூண்டுல மீன் போட்டது யாரு?

மீன் எண்ணுற வேலையில மீனை விட மனுசங்க கேள்விதான் ஜாஸ்தி மாட்டும். சேத்துல நின்னு ஆராய்ச்சி பண்ற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

கெங்குவார்பட்டி பக்கம் ஒரு கண்மாய். சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிட்டு, வடகரையில மட்டும் கோரையும் நாணலும் வச்சிருக்காக. தென்கரை மொட்டையாத்தான் கெடக்கு. புல்லு வச்ச பக்கம் மீன்குஞ்சு, நத்தை, பூச்சி கூடுதான்னு பாக்குறதுதான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். ரெண்டு கரையிலயும் கூண்டு போட்டு, சிக்குறதை எண்ணிட்டுத் தண்ணியிலயே விட்டுருவேன்.

மன்னிச்சு விடுறவ

மொத நாளே ஊருக் காவக்காரர் சின்னச்சாமி அண்ணே கம்போட வந்தாக. "யாரது, மீன் திருடுறது?" எனக்கு வந்துச்சே கோவம்! பஞ்சாயத்து அனுமதியை மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அதைப் படிக்கவே இல்ல. நான் எண்ணி எண்ணி விடுறதையே பாத்துட்டுச் சொன்னாக: "புடிக்கிறவளைப் பாத்திருக்கேன், திருடுறவளைப் பாத்திருக்கேன். புடிச்சுப்புட்டு மன்னிச்சு விடுறவளை இன்னைக்குத்தேன் பாக்குறேன்."

மொட்டைக் கரை அதிசயம்

ஒருநா திடீர்னு தென்கரைக் கூண்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி மீனு. கூண்டு வாயோ ரெண்டு வெரல்தான்! கரையே அதிர கத்தினேன். ஆடு மேய்க்கிற பாண்டியம்மா அக்கா அசராம வந்து, "நாந்தேன் மூடியத் தொறந்து போட்டேன் ஆத்தா. தெனமும் அங்கன காலியா வருது, நீயும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போற. மனசு பொறுக்கல"ன்னுச்சு.

எந்தெந்த நாள் யாரு மூடியத் தொறந்தாகளோ, இனி எதை நம்புறது? அத்தனை நாள் கணக்கும் குப்பை. கண்மாய் வத்துறதுக்குள்ள முதல்லருந்து எடுக்கணும், இல்லாட்டி ஒரு வருசம் போச்சு. "காலியா இருந்தா அதுவும் கணக்குதாங்க்கா!"ன்னு அழாத குறையாச் சொன்னேன். அக்கா யோசிச்சுச்சு. "சும்மா கெடக்குறதுக்கும் மார்க்கு உண்டா? அப்ப எங்கூட்டு ஆளு படிச்சிருந்தா பெரிய டாக்டரு."

அழிகண்மாய் அன்னைக்கு

தண்ணி வத்தினா ஊரே எறங்கி மீன் பிடிக்கிறது அழிகண்மாய். அதை நெனைச்சதுக்கு முன்னாலயே வச்சுட்டாக. என் கடைசிக் கணக்குக்கான கூண்டு ரெண்டு கரையிலயும் இன்னும் தண்ணிக்குள்ள. பெரியகுளத்துலருந்து மொத பஸ்ஸைப் பிடிச்சு, ஊரையே திட்டிக்கிட்டு ஓடினா, கரை பூரா ஊத்தாக் கூடையும் வலையுமா சனம் நிக்குது. தண்ணியில ஒருத்தர் காலும் படல. "ஏலே, புள்ள எண்ணி முடிக்கட்டும்!"னு சின்னச்சாமி அண்ணே கம்பைக் குறுக்க நீட்டிக்கிட்டு நிக்கிறாக. திட்டை அப்படியே விட்டுட்டு மடமடன்னு தண்ணியில எறங்கினேன்.

வடகரைக் கூண்டுல கெண்டக்குஞ்சு, கெளுத்திக்குஞ்சு, நத்தை, தட்டான்புழுன்னு ஒரே கூட்டம். தென்கரைக் கூண்டைத் தூக்கினேன், ஒண்ணுமில்ல. கரையில ஒரே விசில். பாண்டியம்மா அக்கா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுச்சு: "பாத்தியா ஆத்தா, காலி! நாங்க ஒண்ணுமே போடல!"

ஊரோட சண்டை போட்டே பட்டம் வாங்கிட்டேன், அதுல என் பேரை மட்டும் போட்டிருக்காகளே, அதுக்கு இனி யாரோட சண்டைக்குப் போறதுன்னுதான் தெரியல.