பங்கு கேட்டு வந்தவர்கள்

கொழும்பிலிருந்து அந்த மனிதர் முதல் தடவை வந்தபோது நான் கடையில் நின்று ஒருவரோடு கிளட்ச் வயருக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பாவித்துவிட்டு, பழுது என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார் அவர். நானா விடுவேன்? சண்டை முடியும்வரை கொழும்பார் வாசலில் பொறுமையாக நின்றார். பிறகு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியை எடுத்துக் கதிரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். அந்தக் கைலேஞ்சியோடு எனக்கு ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது.

எங்கள் மோட்டார் சைக்கிள் கராஜ் திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. முன்னால் சின்னக் கடை, பின்னால் தகரக் கொட்டகை. கடையில் நான் உதிரிப்பாகம் விற்பேன், கொட்டகையில் என் கணவர் மூன்று ஆட்களோடு திருத்துவார். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில், அவர்கள் ஏலத்தில் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அவர் தொடங்கிய தொழில் அது. எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராமல் போனதும் எங்கள் காட்டில் மழை. புதியது வாங்க வழியில்லாத ஊரில், பழையதை ஓட வைக்கிறவனுக்குத்தானே மரியாதை. மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டுகூட வருவார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். யப்பான் மோட்டார் சைக்கிள்கள் கப்பல் கப்பலாகக் கொழும்பில் வந்திறங்கின. அவற்றோடு இந்த மனிதரும் வந்திறங்கினார் என்றுதான் நான் சொல்வேன்.

அவர் சொன்னது இதுதான். கொழும்பில் சில பணக்காரக் குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கின்றன. அந்தப் பணத்தைக் கொண்டு இவர் ஊர் ஊராக நல்ல மோட்டார் சைக்கிள் கடைகளைத் தேடிப் பங்கு வாங்குகிறார். வவுனியாவில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று முடிந்துவிட்டது. முக்கால் பங்கு அவர்களுக்கு, கால் பங்கு எங்களுக்கு. புதிய மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கு வரும், கடை பெரிதாகும், என் கணவரே தொடர்ந்து நடத்துவார்.

“உங்கட ஆக்களில ஆராவது மோட்டார் சைக்கிள் ஓடுவினமோ?” என்று கேட்டேன்.

“அது தேவையில்லை, மிஸிஸ்,” என்று சிரித்தார்.

அன்று பின்னேரம் கடை பூட்டும்போது என் கணவரோடு மல்லுக்கட்டினேன். “முக்காலை அவைக்குக் குடுத்தா, பிறகு நாங்கள் ஆர்?”

“உமக்கு விளங்கேல்ல,” என்றார் அவர். “அவை காசு போடினம், நான் இழுக்கிறன். வாறதில அவைக்கும் பங்கு, எனக்கும் பங்கு. நான் இழுக்காட்டி அவைக்கு என்ன கிடைக்கும்?”

இழுக்கிறேன் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. அவர் பிறந்தது நிலாவெளியில், கரைவலைக் குடும்பத்தில். அங்கே பங்கு என்றால் ஒரே அர்த்தம். வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்து இழுத்தவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. கரைக்கு வந்த மீனைத்தான் பிரிப்பார்கள். மீன் படாத நாளில் எல்லோருக்கும் வெறுங்கை, அடுத்த நாள் மறுபடியும் எல்லோரும் வர வேண்டும். ஆகவே பங்காளி என்றால் நாளைக்கும் வருகிறவன். கொழும்பார் ‘பங்கு’ என்று சொன்னபோதெல்லாம் இவர் காதில் அதுதான் விழுந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் என்ன பிழை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

சட்ட வேலை பார்க்கும் பிரக்கிராசி ஒருவரின் வீட்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைப் பிரக்கிராசி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. என் கணவர் இந்தக் கடையை விட்டு விலகினால், ஐந்து வருடத்துக்குத் திருகோணமலைப் பகுதியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை செய்யக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை வந்தது.

“நான் எங்க ஐயா போகப்போறன்?” என்று இவர் பகிடி விட்டார். “என்னைத் தூக்கிக்கொண்டு போனாத்தான் உண்டு.” எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்தும் முடிந்துவிட்டது.

முதல் வருடம் கொண்டாட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. கடைக்குக் கண்ணாடி போட்டார்கள். சிவப்பும் நீலமுமாகப் புதுச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். என் கணவர் கழுவின சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கொடுப்புக்குள் சிரித்துக்கொள்வார். ‘பார்த்தீரா?’ என்று என்னிடம் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது.

அடுத்த வருடம் கொழும்பார் என்னுடைய உதிரிப்பாகத் தட்டுகளில் கை வைத்தார். பழைய இங்கிலீசுச் சைக்கிள்களுக்கென்று நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சாமான்கள் அவை. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றைத் தூங்குகிற பணம் என்றார் அவர். பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு, தராசில் போட்டு நிறுத்துக் கொடுத்தார்கள். நான் கத்தின கத்தல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். என் கணவர் கொட்டகைக்குள் போய் ஒரு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, என் சத்தம் கேட்காதபடி முறுக்கினார். அதன் பிறகு கொட்டகை ஆட்களில் இருவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இவரோடு ஒருவன் மிஞ்சினான்.

மூன்றாவது வருடம் கொழும்பார் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். நல்ல சந்தோசத்தில் இருந்தார். வவுனியா, மட்டக்களப்பு, எங்கள் கடை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய கொம்பனிக்கு விற்றாகிவிட்டது என்றார்.

“எதை வித்தனீங்கள்?” என்று கேட்டார் என் கணவர்.

“கடைகளைத்தான்.”

“நல்லாத்தானே ஓடுது. பிறகேன் விக்கிறது?”

“நல்லா ஓடுறதாலதான் நல்ல விலை கிடைச்சது. நாங்க வாங்கினதே விக்கிறதுக்குத்தானே.”

இவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “மீனைத்தான் ஐயா பங்கு பிரிக்கிறது. வலையை வித்து ஆரும் பிரிக்கிறேல்ல.”

கொழும்பாருக்கு அது விளங்கவில்லை. இந்த மனிதர் என்ன சொல்கிறார் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் விளங்கப்படுத்தவில்லை. விற்ற பணத்தில் எங்கள் கால் பங்கை ஒரு சதம் குறையாமல் தந்தார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் ஏலாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். ஏமாற்றியிருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டியாவது ஆறியிருப்பேன்.

புதுக் கொம்பனி முதல் மாதமே கொட்டகையைப் பூட்டியது. பழையதைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தால் புதியதை யார் வாங்குவார்கள் என்பது அவர்கள் கதை. இவரை விற்பனைக்கு வாசலில் நிற்கச் சொன்னார்கள். என் கணவர் நிற்கவில்லை, விலகிவிட்டார். வீட்டில் இருந்து செய்யலாம் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை எங்கள் மாமரத்துக்குக் கீழே பிரித்துப் பூட்டிக் கொடுத்தார். அடுத்த கிழமை கொம்பனி மனேஜர் வீட்டுக்கு வந்தார். என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். “உங்களுக்கே தெரியும் அண்ணை, எழுதிக் குடுத்திருக்கிறியள். மேலிடத்தில கேள்விப்பட்டா வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போவினம்,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தேத்தண்ணியை நான் மண்ணில் ஊற்றியிருக்கலாம்.

என் கணவர் அதோடு ஸ்பானர் எல்லாம் கிடந்த ஆயுதப் பெட்டியை அறைக்குள் வைத்துவிட்டார். வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து, நான் சமைக்கும் குசினிப் பக்கம் வருவார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேச்சுக் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது.

ஒரு நாள் காலை எங்கள் வாசல் படலைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இருமி இருமி நின்றது. கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர், முப்பது வயதிருக்கும். பின்னால் மீன் பெட்டி, அதன் அடியால் தண்ணீர் சொட்டுகிறது. மிதித்து மிதித்துப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அண்ண, ஐஸ் உருகுது. வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆரும் கிட்டத்தில இருக்காங்களா?”

ஒருவரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் இறங்கிப் போய்விட்டார். படலைக்கு இந்தப் பக்கமே நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தம்பி, ப்ளக்கைக் கழட்டுங்கோ. அந்தப் பக்கமில்ல, இடப் பக்கம் திருப்புங்கோ. இப்ப துணியால துடையுங்கோ.”

அந்த மனிதருக்கு வேலை வரவில்லை. ஸ்பானர் வழுக்கியது, எஞ்சின் சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டார், ப்ளக்கை மண்ணில் போட்டார். என் கணவர் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் வாசற்படியில் நின்றதால் அவருடைய கைகள் எனக்குத் தெரிந்தன. கட்டியிருந்த கைகளுக்குள் விரல்கள் திரும்பிக்கொண்டிருந்தன. கழற்றும்போது இடப் பக்கம், பூட்டும்போது வலப் பக்கம்.

கடைசியில் சைக்கிள் ஸ்டார்ட் ஆனது. வியாபாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“நீங்க கை வச்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும் அண்ண. கையில ஏதும் வருத்தமா?”

“ஓம் தம்பி,” என்றார் என் கணவர். “வருத்தம்தான்.”