பாதி எரிந்த காகித வீடு

அன்று பின்முற்றத்தில் சரசு அன்ரியும் ஒரு சீனத் தாவோ மதப் பூசகரும் நின்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அன்ரியின் மகனுக்கு வர லீவு கிடைக்கவில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நான் காவலாளியாக இருந்த அடுக்குமாடி அது. அன்ரி மலேசியத் தமிழர். இறந்த கணவர் சீனர். நாற்பத்தொன்பதாம் நாள், இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று காகித வீடு ஒன்றை எரிப்பது அவர்கள் வழக்கம். அது எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தாவோ நெறியின் சாரம் தலையிடாதிருத்தல் என்று பரீட்சையில் ஆறு பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவன்.

புகையைக் கண்டதும் தீயணைப்பானோடு ஓடிப்போய் நுரையை அடித்தேன். கேட்டிருந்தால், அனுமதி வாங்கியிருப்பதை அன்ரி சொல்லியிருப்பார்.

“ஐயோ தம்பி, அது அவரு வீடு! பாதி வீட்டுல எப்படி இருப்பாரு?”

“தெரியாமச் செய்துபோட்டன் அன்ரி. நான் காசு தாறன்.”

“வேணாம். வீட்டு ஆளுங்கதான் குடுக்கணும்.”

பூசகர் என்னை ஏசவில்லை. அங்கியில் தெறித்த நுரையைத் துடைத்துவிட்டு, நனைந்த காகிதங்களை என்னோடு குனிந்து பொறுக்கினார். நான் ஆறு பக்கத்தில் எழுதியதை அவர் பேசாமல் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு புது வீடு முழுதாக எரிந்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன். வீட்டுக்கும் பூசைக்குமாக அன்ரிக்கு மறுபடியும் செலவானது முந்நூற்றிருபது பவுண்.